முதல் டூர் கார்டு வாங்கிய ஸ்னூக்கர் வீரருக்கு: ஆட்டம் நின்ற பிறகும் கையில் பணம் இருக்க ஒரு வழிகாட்டி

தொழில்முறை ஸ்னூக்கரில் ஓய்வு என்பது பெரும்பாலானவர்களுக்குத் தாமாக அறிவிக்கும் விஷயம் இல்லை. மே மாத ஆரம்பத்தில் ஷெஃபீல்டில் உலக சாம்பியன்ஷிப் முடிகிறது. தரவரிசை வெளியாகிறது. முதல் 64 பேருக்குள் உங்கள் பெயர் இல்லை, டூரில் (தொழில்முறைப் போட்டிகளின் தொடரில்) ஆட அனுமதி தரும் இரண்டு வருட டூர் கார்டும் முடிந்துவிட்டது என்றால், அந்தக் கோடையிலிருந்து நீங்கள் தொழில்முறை வீரர் இல்லை. அவ்வளவுதான். மைக்கைப் பிடித்துக் கண்கலங்கி விடைபெறுவதெல்லாம் பட்டியலின் உச்சியில் இருந்தவர்களுக்குக் கிடைப்பது.

அதனால் ஓய்வுக்கால ஏற்பாட்டை முப்பத்தைந்து வயதில் யோசிக்கலாம் என்று தள்ளிப்போடுவது இந்தத் தொழிலில் செல்லாது. கார்டு கையில் வந்த வாரத்திலேயே தொடங்க வேண்டும். பிரிட்டனில் குடியிருந்து ஆடும் வீரரை மனதில் வைத்தே இதை எழுதுகிறேன். டூரின் மையம் அங்கேதான், தகுதிச் சுற்றுகளில் பெரும்பாலானவையும் அங்கேதான். வெளிநாட்டிலிருந்து வந்து ஆடுபவர்களுக்குப் பின்னால் ஒரு பகுதி இருக்கிறது. வரி, பென்ஷன் தொகைகள் 2025-26 வரி ஆண்டுக்கானவை. ஒவ்வோர் ஏப்ரலிலும் சில மாறும், பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 1: உங்கள் தொழிலின் ஆயுள் இரண்டு வருடம் என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள்

டூரில் ஏறக்குறைய 128 பேர் ஆடுகிறார்கள். 2014-15 சீசனிலிருந்து தரவரிசை என்பது கடந்த இரண்டு வருடங்களில் தரவரிசைப் போட்டிகளில் வென்ற பரிசுத்தொகையின் கூட்டல்தான். புதிதாக வருபவர் பூஜ்யத்திலிருந்து தொடங்குகிறார். இரண்டு வருட முடிவில் 64-க்குள் வந்தால் கார்டு தொடரும். ஒரு வருடப் பட்டியலில் நன்றாக ஆடிய சிலருக்கும் இடம் உண்டு. மற்றவர்கள் கார்டு தரும் தகுதிப் போட்டியான கியூ ஸ்கூலுக்கோ, டூருக்கு அடுத்த கீழ்நிலைத் தொடரான கியூ டூருக்கோ திரும்பிப் போக வேண்டும்.

பணம் எப்படிப் பிரிகிறது என்று உலக சாம்பியன்ஷிப்பை வைத்தே பார்க்கலாம். வென்றவருக்கு 5 லட்சம் பவுண்டு. பட்டியலின் அடியில் இருக்கும் வீரர் தகுதிச் சுற்றின் முதல் ஆட்டத்திலேயே தோற்றால் பூஜ்யம். ஓர் ஆட்டம் வென்று அடுத்ததில் தோற்றால் 5,000. இரண்டு வென்றால் 10,000, மூன்று வென்றால் 15,000. நான்கும் வென்று, முதன்மைச் சுற்றுகள் நடக்கும் குரூசிபிள் அரங்குக்குள் போய் முதல் சுற்றில் தோற்றாலும் 20,000. கீழ்ப்பாதி வீரருக்கு வருட வருமானத்தில் பெரும்பங்கு இப்படி இரண்டு மூன்று வாரங்களில் மொத்தமாக வந்து விழும். மற்ற மாதங்கள் காய்ந்து கிடக்கும்.

2022-23 சீசனில், ஒரு சீசனுக்குக் குறைந்தது 20,000 பவுண்டு வருமானம் என்ற உத்தரவாதத்தை, டூரை நடத்தும் வேர்ல்டு ஸ்னூக்கர் டூர் நிறுவனம் இரண்டு சீசன் சோதனையாகக் கொண்டுவந்தது. நல்ல காரியம்தான். ஆனால் இப்படிப்பட்ட ஏற்பாடுகள் வரும், போகும், உருமாறும். ஆண் டென்னிஸ் வீரர்களின் அமைப்பான ஏ.டி.பி. 2024-ல் முதல் 250 பேருக்குக் குறைந்தபட்ச வருமானத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. அவர்களுக்கு அதற்கு முன்பே ஓய்வூதியத் திட்டமும் இருந்தது. ஸ்னூக்கர் வீரர் அப்படி எதையும் நம்பிக் கணக்குப் போட வேண்டாம். வந்தால் லாபம்.

படி 2: பரிசுத்தொகையை வருமானம் என்று நினைப்பதை நிறுத்துங்கள்

தரவரிசைப் பட்டியலில் உங்கள் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் எண் வரவு மட்டும். செலவு அதில் இல்லை. வீட்டில் இருப்பவர்களும் உறவினர்களும் இணையத்தில் அந்த எண்ணைப் பார்த்துவிட்டு நீங்கள் வசதியாக இருப்பதாக நினைப்பார்கள். அதைவிட ஆபத்து, நீங்களே அப்படி நினைப்பது.

உதாரணத்துக்கு, ஒரு சீசனில் 24,000 பவுண்டு வென்றதாக வைத்துக்கொள்வோம். பயணமும் ஹோட்டலும் 11,500. பயிற்சி மேசை வாடகை மாதம் 300 வீதம் 3,600. பயிற்சியாளர், கியூ (ஆடும் கோல்), அதன் நுனியில் ஒட்டும் டிப், மற்ற சில்லறைகள் 1,500. மேனேஜருக்குப் பத்து சதவீதம் 2,400. மொத்தச் செலவு 19,000. மிஞ்சுவது 5,000. ஒரு வருடம் முழுக்க ஆடியதற்கு!

ஆகவே முதல் நாளிலிருந்து ஒரு எக்செல் ஷீட்டோ ஒரு நோட்டோ வைத்து மூன்று பத்திகள் போடுங்கள்: தேதி, வரவு, செலவு. ரசீதை அன்றே போனில் படம் எடுத்துவிடுங்கள். சீனாவில் நடக்கும் போட்டிகளுக்குத் தகுதிச் சுற்று பெரும்பாலும் பிரிட்டனிலேயே நடப்பதால், வென்ற பிறகுதான் பெரிய விமானச் செலவு வரும். அங்கே போய் முதல் ஆட்டத்தில் தோற்றால் எவ்வளவு மிஞ்சும் என்று டிக்கெட் எடுப்பதற்கு முன் கணக்குப் போடுங்கள். சில பயணங்களில் விடை எதிர்மறையாக வரும். அப்படியிருந்தும் போக வேண்டியிருக்கலாம், தரவரிசைக்கு அந்தத் தொகை முழுதாகச் சேருமே. ஆனால் தெரிந்து போவது வேறு, பிறகு வங்கிக் கணக்கைப் பார்த்து அதிர்வது வேறு.

செலவை ஏற்கும் புரவலர் ஒருவர் கிடைத்தால் சந்தோஷம். பரிசில் அவருக்கு எத்தனை பங்கு, செலவைக் கழித்த பிறகா முன்பா, கார்டு போனால் ஒப்பந்தம் முடிகிறதா, கொடுத்த பணம் கடனா என்ற நான்கையும் எழுத்தில் வாங்குங்கள். கிளப்பில் கைகுலுக்கி முடித்த ஒப்பந்தம் பணம் வரும் வரைக்கும் இனிமையாகத்தான் இருக்கும்.

படி 3: வரிக்கு ஒரு தனிக் கணக்கு

பிரிட்டனில் ஸ்னூக்கர் வீரர் சுயதொழில் செய்பவர். சம்பளத்திலிருந்து வரியைப் பிடித்துக் கட்டும் முதலாளி கிடையாது. தொழில் வரவு வருடத்துக்கு 1,000 பவுண்டைத் தாண்டினால் வரித்துறையான ஹெச்.எம்.ஆர்.சி.யிடம் பதிய வேண்டும். வரி ஆண்டு ஏப்ரல் 6-ல் தொடங்கி அடுத்த ஏப்ரல் 5-ல் முடிகிறது. பதிவுக்குக் கடைசி நாள் அதற்குப் பின் வரும் அக்டோபர் 5. இணையத்தில் கணக்கு தாக்கல் செய்யவும் பணம் கட்டவும் ஜனவரி 31.

லாபத்தில் முதல் 12,570 பவுண்டுக்கு வருமான வரி இல்லை. அதற்கு மேல் 20 சதவீதம், கூடவே 50,270 வரை நான்காம் வகுப்பு நேஷனல் இன்ஷூரன்ஸ் (அரசின் சமூகக் காப்பீட்டுக்கான கட்டணம், யார் எதற்குக் கட்டுகிறார் என்பதைப் பொறுத்து வகுப்புகள் உண்டு) 6 சதவீதம்.

இதில் ஸ்னூக்கர் வீரர்களுக்கென்றே வைத்த மாதிரி ஒரு பொறி இருக்கிறது. உலக சாம்பியன்ஷிப் தகுதிச் சுற்று ஏப்ரலில் நடக்கும். பெரும்பாலும் 6-ஆம் தேதிக்குப் பிறகு. 2025-ல் அப்படித்தான் நடந்தது. அந்த ஏப்ரலில் ஒருவர் 15,000 பவுண்டு வென்றிருந்தால் அது 2025-26 கணக்கில் சேரும். அதற்கான வரியைக் கட்டக் கடைசி நாள் 2027 ஜனவரி 31. ஏறக்குறைய 21 மாதம் கழித்து! நடுவில் கார்டு போயிருக்கலாம், வருமானம் நின்றிருக்கலாம், அந்தப் பணமும் கரைந்திருக்கலாம். இதற்குப் பெயர் துரதிர்ஷ்டம் இல்லை, நாள்காட்டி.

இன்னொன்று. வரி பாக்கி 1,000 பவுண்டைத் தாண்டினால், அடுத்த வருடத்துக்கான முன்பணத்தையும் ஜனவரியிலும் ஜூலையிலும் இரண்டு தவணையாகப் பொதுவாகக் கேட்பார்கள். நல்ல சீசனுக்கு அடுத்து மோசமான சீசன் வந்தால் இந்த முன்பணம் கழுத்தைப் பிடிக்கும். வருமானம் குறையப் போகிறது என்று தெரிந்தால் முன்பணத்தைக் குறைக்கச் சொல்லி விண்ணப்பிக்கலாம். பலர் இதைச் செய்வதே இல்லை. விவசாயிகளுக்கும் எழுத்தாளர், ஓவியர் போன்றவர்களுக்கும் ஏற்ற இறக்கமான வருமானத்தை இரண்டு வருடங்களுக்குச் சராசரியாக்கிக் கொள்ளும் சலுகை பிரிட்டனில் உண்டு. விளையாட்டு வீரர்களுக்கு இல்லை. நியாயமா என்று கேட்டால் எனக்கும் புரியவில்லை.

செய்ய வேண்டியது எளிது. ஒவ்வொரு பரிசுத்தொகை வந்ததும் ஐந்தில் ஒரு பங்கை வேறொரு சேமிப்புக் கணக்குக்கு மாற்றுங்கள். அந்தக் கணக்குக்கு ஏ.டி.எம். கார்டு வாங்காதீர்கள். வரி கட்டியது போக மிஞ்சினால் அதுதான் உங்கள் சேமிப்பின் முதல் தொகை. நஷ்டம் வந்த வருடத்திலும் கணக்கைத் தாக்கல் செய்யுங்கள், அந்த நஷ்டத்தை அடுத்த வருட லாபத்தில் கழிக்கலாம். ஓர் ஆடிட்டரைப் பிடியுங்கள். சுயதொழில் செய்யும் விளையாட்டு வீரர்களையோ இசைக்கலைஞர்களையோ பார்த்துப் பழகியவராக இருந்தால் நல்லது.

படி 4: வருடத்துக்கு 182 பவுண்டு (இதை மட்டுமாவது செய்யுங்கள்)

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைப் படித்தால் போதும் என்றால் இதைத்தான் சொல்வேன்.

பிரிட்டனில் அரசு தரும் ஸ்டேட் பென்ஷன் முழுதாகக் கிடைக்க, பொதுவாக 35 வருட நேஷனல் இன்ஷூரன்ஸ் பதிவு வேண்டும். பத்து வருடத்துக்குக் கீழே இருந்தால் ஒன்றும் கிடையாது. முழுத் தொகை 2025-26-ல் வாரத்துக்கு 230.25 பவுண்டு. இப்போது இருபதுகளில் இருப்பவர்களுக்கு இன்றைய சட்டப்படி அது 68 வயதில் தொடங்கும். தொலைவுதான். ஆனால் கீழ்ப்பாதி வீரருக்குச் சாகும்வரை நிற்காமல் வரப்போகும் ஒரே வருமானம் இதுவாகவே இருக்கக்கூடும்.

சுயதொழில் செய்பவரின் லாபம் 6,845 பவுண்டோ அதற்கு மேலோ இருந்தால் அந்த வருடம் தானாகப் பதிவாகிவிடும். 2024 ஏப்ரலிலிருந்து அதற்காக இரண்டாம் வகுப்புத் தொகை எதையும் கட்ட வேண்டியதில்லை. இப்போது மேலே போட்ட உதாரணத்துக்குப் போங்கள். 24,000 வென்ற அந்த வீரரின் லாபம் 5,000. அதாவது வரம்புக்குக் கீழே. வருடம் முழுக்கத் தொழில்முறை வீரராக ஆடியும், பென்ஷன் பதிவேட்டில் அந்த வருடம் வெறுமை. இப்படியே பத்து வருடம் ஆடினால் பத்து ஓட்டைகள்.

இதற்கு மருந்து இருக்கிறது. லாபம் வரம்புக்குக் கீழே இருப்பவர்கள் தாமாக முன்வந்து இரண்டாம் வகுப்புத் தொகையைக் கட்டலாம். வாரத்துக்கு 3.50 பவுண்டு, வருடத்துக்கு 182. வரிக் கணக்கு தாக்கல் செய்யும்போதே அந்தப் பெட்டியில் டிக் போட்டால் போதும். பதிலுக்கு என்ன கிடைக்கிறது? முழுப் பென்ஷனை 35-ஆல் வகுத்தால் ஒரு வருடப் பதிவின் மதிப்பு வாரத்துக்கு சுமார் 6.58 பவுண்டு, வருடத்துக்கு 342. இன்று கட்டிய 182, பென்ஷன் தொடங்கிய ஏழு மாதத்துக்குள் திரும்பி வந்துவிடும். அதற்குப் பிறகு வருவதெல்லாம் உபரி. இதைவிட நல்ல வியாபாரம் சில்லறை முதலீட்டாளருக்குக் கிடைப்பது அபூர்வம்.

சுயதொழில் பதிவே இல்லாத வருடங்களை மூன்றாம் வகுப்பில் கட்டி நிரப்பலாம். ஆனால் அது வாரத்துக்கு 17.75, வருடத்துக்கு 923 பவுண்டு. ஐந்து மடங்குக்கும் மேல். எனவே தொழில் நடக்கும் வருடத்திலேயே மலிவான வகுப்பில் கட்டிவிடுவது புத்திசாலித்தனம். பொதுவாகக் கடந்த ஆறு வருட ஓட்டைகளை நிரப்ப முடியும். அரசின் இணையதளத்தில் உங்கள் நேஷனல் இன்ஷூரன்ஸ் பதிவேட்டை இலவசமாகப் பார்க்கலாம். சீசன் முடிந்ததும் ஒருமுறை பாருங்கள்.

படி 5: பகுதிநேர வேலையை அவமானமாக நினைக்காதீர்கள்

"முழுநேரத் தொழில்முறை வீரர்" என்று சொல்லிக்கொள்வதில் ஒரு பெருமை இருக்கிறது, புரிகிறது. ஆனால் வாரத்தில் இரண்டு நாள் வேலை தரும் பாதுகாப்பைக் கொஞ்சம் கணக்குப் பாருங்கள். ஒரே முதலாளியிடம் வாரத்துக்கு 125 பவுண்டு சம்பளம் வந்தாலே அந்த வாரம் நேஷனல் இன்ஷூரன்ஸ் பதிவில் சேரும், நீங்கள் எதுவும் கட்டாமலே. வருடச் சம்பளம் 10,000 பவுண்டைத் தாண்டி, வயது 22 ஆகியிருந்தால், முதலாளி உங்களைப் பென்ஷன் திட்டத்தில் தானாகச் சேர்த்தாக வேண்டும், தன் பங்காகக் குறைந்தது 3 சதவீதமும் போட வேண்டும். சம்பளம் 10,000-க்குக் கீழே, ஆனால் 6,240-க்கு மேலே என்றால் நீங்களாகக் கேட்டுச் சேரலாம். அப்போதும் அவர் பங்கு உண்டு. கேட்காதவர்களுக்குக் கிடைக்காது.

ஸ்னூக்கர் கிளப்பிலேயே வேலை கிடைத்தால் இரட்டை லாபம், மேசை இலவசமாகவோ குறைந்த கட்டணத்திலோ கிடைக்கும்.

படி 6: சேமிப்பு, எந்த வரிசையில்

முதலில் வரிக் கணக்கு. அடுத்து ஆறு மாதச் சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் ஆகும் பணம், எப்போது வேண்டுமானாலும் எடுக்கக்கூடிய இடத்தில். இந்த இரண்டும் நிறையும் வரை வேறு எங்கும் போடாதீர்கள். பங்குச்சந்தை, கிரிப்டோ, கிளப்பில் நண்பர் தொடங்கப்போகும் பார், எதுவும் வேண்டாம்.

அதற்கு மேல் சேர்ந்தால் இரண்டு வழி. ஒன்று லைஃப்டைம் ஐசா என்ற சேமிப்புக் கணக்கு. 18 முதல் 39 வயதுக்குள் தொடங்கலாம். வருடத்துக்கு 4,000 பவுண்டு வரை போடலாம், அரசு 25 சதவீதம் சேர்த்துத் தரும். முதல் வீடு வாங்க (வீட்டு விலை 4.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும்) அல்லது 60 வயதானதும் எடுக்கலாம். வேறு காரணத்துக்கு எடுத்தால் 25 சதவீதம் பிடிப்பார்கள். கொடுத்ததைத் திரும்பப் பிடிப்பதுதானே என்று தோன்றும். 1,000 போட்டால் 1,250 ஆகிறது, அதில் 25 சதவீதம் போனால் கையில் வருவது 937.50. உங்கள் சொந்தப் பணமே 62.50 குறைந்துவிடும். கார்டு எப்போது போகும் என்று தெரியாதவர் இதை நினைவில் வைக்க வேண்டும்.

இன்னொன்று தனிப்பட்ட பென்ஷன். 80 பவுண்டு போட்டால் வரிச் சலுகை சேர்ந்து 100 ஆகிறது. லாபமே இல்லாத வருடத்திலும் 2,880 வரை போட்டு 3,600 ஆக்கிக்கொள்ளலாம். அரசு ஏற்படுத்திய நெஸ்ட் திட்டத்தில் சுயதொழில் செய்பவர்களும் சேரலாம். ஆனால் பணத்தை 55 வயதுக்கு முன் தொட முடியாது, 2028 ஏப்ரலிலிருந்து அது 57 ஆகிறது. சீக்கிரம் முடியும் தொழில்களில் இருப்பவர்கள் முன்கூட்டியே எடுத்துக்கொள்ளலாம் என்று ஒரு காலத்தில் இருந்த ஏற்பாடு புதிய திட்டங்களுக்கு இல்லை. ஆகவே 38 வயதில் கார்டு போனவருக்கு, நடுவே ஏறக்குறைய இருபது வருடத்தைப் பென்ஷன் தாங்காது.

எது நல்லது? வீடு வாங்கும் எண்ணம் உண்மையாகவே இருந்தால் ஐசா. இல்லையென்றால் நான் பென்ஷன் பக்கம்தான் சாய்வேன். ஒரு காரணம் அதிகம் பேசப்படுவதில்லை: கார்டு போய் அரசின் யுனிவர்சல் கிரெடிட் உதவிக்கு விண்ணப்பிக்க நேர்ந்தால், 16,000 பவுண்டுக்கு மேல் சேமிப்பு இருப்பவருக்கு உதவி கிடையாது. ஐசா அந்தக் கணக்கில் சேரும். இன்னும் எடுக்காத பென்ஷன் பணம், பென்ஷன் வயதுக்குக் கீழே இருப்பவருக்குச் சேராது.

வீட்டுக் கடன் பற்றி ஒரு வரி: சுயதொழில் செய்பவரிடம் வங்கிகள் பெரும்பாலும் இரண்டு வருட வரிக் கணக்கைக் கேட்கும். நல்ல இரண்டு சீசன்கள் அமைந்த உடனே விண்ணப்பிப்பதுதான் சரி. அடுத்த இரண்டு எப்படி இருக்கும் என்று யாருக்குத் தெரியும்.

படி 7: கழுத்து, முதுகு, கண்

ஸ்னூக்கரில் அடிபடாது என்று வெளியே இருப்பவர்கள் நினைக்கிறார்கள். மணிக்கணக்கில் மேசை மேல் குனிந்து கழுத்தை நிமிர்த்திப் பார்ப்பது உடம்புக்கு இயல்பான நிலை இல்லை. 2002-ன் உலக சாம்பியன் பீட்டர் எப்டன் 2020-ல் விலகியதற்குக் காரணமே கழுத்துப் பிரச்சினைதான். அவருக்குப் பின்னால் நீண்ட வெற்றிகரமான வாழ்க்கை இருந்தது. தரவரிசையில் 90-ஆம் இடத்தில் இருப்பவருக்கு ஆறு மாதம் ஆட முடியாமல் போனால் கார்டே போய்விடும்.

சுயதொழில் செய்பவருக்குச் சட்டப்படியான நோய்க்கால ஊதியம் கிடையாது. வருமானப் பாதுகாப்புக் காப்பீடு என்று ஒன்று இருக்கிறது. இளம் வயதில், உடம்பு நன்றாக இருக்கும்போது விசாரியுங்கள். கழுத்துவலிக்கு மருத்துவரிடம் போன பிறகு விண்ணப்பித்தால் அந்த உறுப்பையே விலக்கிவிட்டுத்தான் பெரும்பாலும் பாலிசி தருவார்கள். விண்ணப்பத்தில் தொழிலை மறைக்காதீர்கள். "உங்கள் சொந்தத் தொழிலைச் செய்ய முடியாமல் போனால்" என்று பாலிசியில் இருக்கிறதா, "எந்த வேலையும் செய்ய முடியாமல் போனால்" என்று இருக்கிறதா என்பதைப் பாருங்கள். இரண்டாவது வகையில், கியூ பிடிக்க முடியாவிட்டாலும் போன் எடுத்துப் பேச முடிகிறதே என்று கைவிரித்துவிடுவார்கள்.

படி 8: சூதாட்டம்

ஸ்னூக்கருக்கும் பந்தயத்துக்கும் பழைய உறவு. போட்டிகளின் விளம்பரதாரர்களிலேயே பந்தய நிறுவனங்கள் உண்டு. பயணம், ஹோட்டல் அறை, காத்திருப்பு, தோல்வி எல்லாம் சேர்ந்தால் போனில் விரல் எங்கே போகும் என்று சொல்ல வேண்டியதில்லை. பெரும் புகழ் பெற்ற வில்லி தோர்ன் சூதாட்டத்தால் பட்ட கடனில் திவாலானார். அதை அவரே வெளிப்படையாகப் பேசியிருக்கிறார். 1972, 1982 உலக சாம்பியன் அலெக்ஸ் ஹிக்கின்ஸ் தன் காலத்தில் பெரும் பணம் ஈட்டியவர். 2010-ல் பெல்ஃபாஸ்டில் இறந்தபோது அதில் ஏதும் மிஞ்சவில்லை. உச்சியில் இருந்தவர்களுக்கே இப்படி என்றால், கீழே இருப்பவரிடம் தொலைக்கக்கூட அவ்வளவு இருக்காது.

பழக்கம் மீறிப் போகிறது என்று தோன்றினால் கேம்ஸ்டாப்பில் பதியுங்கள். பிரிட்டனில் உரிமம் பெற்ற பந்தயத் தளங்கள் எல்லாம் உங்களை அடைத்துவிடும். விளையாட்டு வீரர்களுக்கென்றே ஸ்போர்ட்டிங் சான்ஸ் என்ற தொண்டு அமைப்பு இருக்கிறது.

ஆட்டத்தை விற்பது வேறு விஷயம், அதையும் பணக் கணக்காகவே பாருங்கள். கையில் காசில்லாத கீழ்ப்பாதி வீரரைத்தான் தரகர்கள் தேடி வருவார்கள். ஒரு ஃபிரேம் (ஆட்டத்தின் ஒரு பகுதி) வேண்டுமென்றே தோற்றால் போதும் என்பார்கள். 2013-ல் ஸ்டீபன் லீ 12 வருடத் தடை வாங்கினார். 2023-ல் பத்து சீன வீரர்கள் தண்டிக்கப்பட்டார்கள். லியாங் வென்போ, லி ஹாங் இருவருக்கும் ஆயுள் தடை. அந்தப் பத்துப் பேரில் ஒருவரான ஜாவோ சின்டாங் 20 மாதத் தடை முடிந்து வந்து 2025-ல் உலக சாம்பியன் ஆனார். அவர் திறமை வேறு தரம், அதை முன்னுதாரணமாக எடுக்காதீர்கள். தடை ஆட்டத்தோடு நிற்காது. ஓய்வுக்குப் பின் பிழைக்க நம்பியிருந்த பயிற்சியாளர் வேலை, எக்ஸிபிஷன் (காட்சி ஆட்டம்), வர்ணனை எல்லாக் கதவும் சேர்ந்து மூடும். யாராவது அணுகினால், மறுத்தால் மட்டும் போதாது, தொழில்முறை ஸ்னூக்கரை நிர்வகிக்கும் டபிள்யூ.பி.பி.எஸ்.ஏ. சங்கத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்பதும் விதி. ஸ்னூக்கர் ஆட்டங்களின் மேல் ஒரு பவுண்டுகூடப் பந்தயம் கட்டக்கூடாது, அடுத்தவர் ஆட்டமாக இருந்தாலும்.

படி 9: இரண்டாவது தொழிலை ஆடும்போதே தொடங்குங்கள்

வர்ணனையாளர் ஆகலாம் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். நீல் ஃபோல்ட்ஸ், ஆலன் மெக்மேனஸ் போல அங்கே உட்கார்ந்திருப்பவர்கள் பட்டங்கள் வென்றவர்கள். இருக்கைகளும் விரல்விட்டு எண்ணக்கூடியவை. அதை நம்ப வேண்டாம்.

பயிற்சியாளர் வேலை நிஜமான வழி. மறைந்த டெரி கிரிஃபித்ஸ் ஆடுவதை நிறுத்திய பிறகு பயிற்சியாளராக இன்னொரு முழு வாழ்க்கையே வாழ்ந்தார். டபிள்யூ.பி.பி.எஸ்.ஏ. சங்கம் பயிற்சியாளர் சான்றிதழ் வகுப்புகள் நடத்துகிறது. கார்டு கையில் இருக்கும்போதே முடித்துவிடுங்கள். "தற்போதைய தொழில்முறை வீரர்" என்ற பெயருக்கு மாணவர்கள் வருவார்கள், "முன்னாள்" ஆனதும் எண்ணிக்கை குறையும். சிறுவர்களுக்குக் கற்றுக்கொடுக்க டி.பி.எஸ். பின்னணிச் சோதனை தேவைப்படும். வாரத்துக்கு நாலைந்து மாணவர்களோடு தொடங்கி, கார்டு போகும் நாளில் அந்தப் பட்டியலை நீட்டிக்கொள்வதுதான் நான் பார்த்தவரை நன்றாக வேலை செய்யும் ஏற்பாடு.

மேசை பொருத்துவது, துணி மாற்றுவது, கியூ பழுதுபார்ப்பது ஆகிய கைத்தொழில்களுக்கு மவுசு குறைவு, வருமானம் நிலையானது. கற்றுக்கொள்ள ஒரு நல்ல ஃபிட்டரோடு சில மாதம் சுற்ற வேண்டும், அவ்வளவுதான். சொந்தமாக கிளப் திறக்கும் கனவைப் பற்றி என் கருத்து கொஞ்சம் கசப்பானது: பிரிட்டனில் கிளப்புகள் பல வருடமாக மூடிக்கொண்டே வருகின்றன. வாடகையும் மின்கட்டணமும் தின்றுவிடும். மொத்தச் சேமிப்பையும் அதில் போடாதீர்கள்.

எக்ஸிபிஷன் ஆட்டங்கள் நல்ல கைச்செலவுப் பணம். ஆனால் டூரோடு போட்ட ஒப்பந்தத்தைப் படித்துவிட்டு ஒப்புக்கொள்ளுங்கள். 2023-ல் மக்காவ் எக்ஸிபிஷனுக்கும் டூர் போட்டிக்கும் தேதி மோதி, பெரிய வீரர்களுக்கே சிக்கல் வந்தது. 40 வயது தாண்டியவர்களுக்கு சீனியர்ஸ் டூர் இருக்கிறது. சந்தோஷத்துக்கு ஆடுங்கள், பிழைப்புக்கு அல்ல.

வெளிநாட்டிலிருந்து வருபவர்களுக்கு

பிரிட்டனில் வசிக்காதவர் அங்கே வெல்லும் பரிசுத்தொகையில் பொதுவாக 20 சதவீதத்தை வரியாகப் பிடித்துக்கொண்டுதான் தருவார்கள். அதற்கான சான்றிதழை ஒன்றுவிடாமல் வாங்கி வையுங்கள், சொந்த நாட்டில் வரிக் கணக்கு காட்டும்போது தேவைப்படும். ஷெஃபீல்டில் வந்து தங்கி ஆடும் சீன வீரர்கள் போல, விசா எடுத்துக் குடியேறினால் பிரிட்டன் வரிக் குடியிருப்பாளர் ஆகிவிடுவீர்கள், மேலே சொன்ன விதிகளும் பெரும்பாலும் பொருந்தும். சில வருடம் மட்டுமே இருந்துவிட்டுத் திரும்பப் போகிறவர் நேஷனல் இன்ஷூரன்ஸ் கட்டுவதற்கு முன், பத்து வருட வரம்பை எட்ட முடியுமா என்று பாருங்கள்.

சொந்த நாட்டில் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை கிடைத்தால் அதை விடாதீர்கள். பங்கஜ் அத்வானிக்கு ஓ.என்.ஜி.சி. வேலை இருந்தது. 2012-ல் டூருக்குள் போய், 2014-ல் கார்டை விட்டு வர அவரால் முடிந்தது. எத்தனை பட்டம் வென்றவர் என்பது இங்கே முக்கியமில்லை. மாதச் சம்பளம் இருப்பவர் ஒரு முடிவை எடுக்கும் விதமே வேறு.

படி 10: கார்டு போன கோடையில்

உலக சாம்பியன்ஷிப் முடிந்த சில வாரங்களிலேயே கியூ ஸ்கூல் வந்துவிடும். யோசிக்க நேரம் இருக்காது. எனவே யோசனையை முன்பே செய்து வையுங்கள். கார்டின் இரண்டாம் வருட ஜனவரியில், வரி கட்டும் அதே வாரத்தில், ஒரு தாளில் மூன்று எண்களை எழுதுங்கள்: இன்று கையில் இருக்கும் பணம், அடுத்த ஜனவரியில் கட்ட வேண்டிய வரி, ஆடாமல் ஒரு மாதம் வாழ ஆகும் செலவு. முதலிலிருந்து இரண்டாவதைக் கழித்து, மூன்றாவதால் வகுங்கள். வருவது நீங்கள் தாங்கும் மாதங்கள்.

அது பன்னிரண்டுக்கு மேல் என்றால் கியூ ஸ்கூலுக்கும் ஒரு வருட கியூ டூருக்கும் தாராளமாகப் போகலாம். ஆறுக்கும் பன்னிரண்டுக்கும் நடுவில் என்றால் கியூ ஸ்கூல் ஒருமுறை, கிடைக்காவிட்டால் பகுதிநேர வேலையோடு கியூ டூர். ஆறுக்குக் கீழே என்றால் முதலில் வேலை. கியூ ஸ்கூல் அடுத்த வருடமும் நடக்கும். கடன் வாங்கி நுழைவுக் கட்டணம் கட்டாதீர்கள். "இந்தத் தடவை மட்டும்" என்று கடன் தரும் நண்பர் நல்லவர்தான், ஆனால் அந்தக் கடனோடு மேசைக்கு முன் நிற்பவரின் கை நேராக இருக்காது.

கார்டு போன மாதத்தில் முடிக்க வேண்டிய சில்லறை வேலைகளும் உண்டு. ஜூலை முன்பணத்தைக் குறைக்க விண்ணப்பம். மேனேஜர், புரவலர் ஒப்பந்தங்கள் முடிந்ததற்கு எழுத்து. நேஷனல் இன்ஷூரன்ஸ் பதிவேட்டில் ஓட்டை இருக்கிறதா என்று ஒரு பார்வை. காப்பீட்டு நிறுவனத்துக்குத் தொழில் மாறிய தகவல். ஆடுவதை முழுதாக நிறுத்துகிறீர்கள் என்றால் சுயதொழில் முடிந்ததை ஹெச்.எம்.ஆர்.சி.க்குச் சொல்ல வேண்டும், பயிற்சி கொடுத்துச் சம்பாதிப்பதாக இருந்தால் வேண்டாம், அதுவும் சுயதொழில்தான். ரசீதுகளைத் தூக்கிப் போடாதீர்கள். கணக்கு தாக்கல் செய்யக் கடைசி நாளான அந்த ஜனவரி 31-லிருந்து ஐந்து வருடத்துக்கு அவற்றை வைத்திருக்க வேண்டும்.